பயனிழந்த உறுப்பும் வரலாற்றுச் சான்றும்: புகைக்குழாயின் உலோகச் செருகியும் திருச்சிராப்பள்ளிச் சுருட்டும்

ஆய்வுச்சுருக்கம்

பழைய புகைக்குழாய்களின் வாய்க்குழலுக்குள் பொருத்தப்பட்டிருந்த உலோகச் செருகியை நீக்குவதா, வைத்திருப்பதா என்பது பழம்பொருள் சேகரிப்போரிடையே நெடுங்காலமாக நிலவும் கேள்வி. பயன்பாட்டு நோக்கில் வேண்டாததாகத் தோன்றும் ஓர் உறுப்பு, வரலாற்று நோக்கில் இன்றியமையாத சான்றாக மாறுவதை அக்கேள்வி காட்டுகிறது. இக்கருத்தை அளவுகோலாகக் கொண்டு, திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் வரலாற்றில் எவை எஞ்சியுள்ளன, எவை கவனிப்பாரின்றி அழிகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சுருட்டைப் புகைத்தவரைப் பற்றிய சான்றுகள் மிகுந்தும், அதை உருட்டியவரைப் பற்றிய சான்றுகள் அருகியும் காணப்படுகின்றன. பொருளைப் பயன்படுத்துவதையும் அதன் சான்றைப் பேணுவதையும் பிரித்து நோக்கினால், உடல்நலக் கேட்டை விளைவித்த ஒரு தொழிலின் வரலாற்றையும் நேர்மையாகப் பதிவுசெய்ய இயலும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சுருட்டு, உறையூர், திண்டுக்கல் புகையிலை, புகைக்குழாய், பொருள்சார் பண்பாடு, தொழிலாளர் வரலாறு.

முன்னுரை

19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியின் பெயர் கடல்கடந்து பல நாடுகளுக்குச் சென்றது. மலைக்கோட்டையையும் திருவரங்கத்தையும் கேள்விப்பட்டிராத பலர்கூட அப்பெயரைச் சுருட்டுப் பெட்டியின் வழியே அறிந்திருந்தனர். ஆங்கிலேயர் அதனைச் சுருக்கி ‘டிரிச்சி’ என்றே அழைத்தனர். அச்சுருட்டுத் தொழில் செழித்த உறையூரை ஒட்டி, இன்று குறுக்குத் தெருக்களும் மருத்துவமனைகளும் வணிக வளாகங்களும் நிறைந்த தில்லை நகர் வளர்ந்து நிற்கிறது. அத்தெருக்களில் நடப்பவருக்கு, அருகிலேயே உலகச் சந்தையை நோக்கிய ஒரு கைத்தொழில் இருந்தது என்பதை உணர்த்தும் அடையாளங்கள் மிகச் சிலவே.

இந்நிலைக்கு ஓர் அடிப்படைக் காரணம் உண்டு. சுருட்டு எரிந்து தீர்வதற்கென்றே செய்யப்படும் பொருள். பயன்பட்டபின் எஞ்சுவது சாம்பலும் அடித்துண்டுமே. அதே புகையிலையைப் புகைக்கப் பயன்பட்ட புகைக்குழாய் அவ்வாறன்று. தமிழில் சுங்கான் எனவும் வழங்கும் அக்கருவி, உரிமையாளர் மறைந்த பின்னும் நிலைத்து நிற்கிறது. எனவே அதன் உறுப்புகளில் எதை வைத்திருக்க வேண்டும், எதை நீக்கலாம் என்று விவாதிக்க இடமுண்டாகிறது. சுருட்டைப் பொறுத்தவரை அத்தகைய விவாதம் நிகழவே இல்லை. புகைக்குழாயைக் குறித்த விவாதத்திலிருந்து ஒரு நெறியைப் பெற்று, அதனைச் சுருட்டின் வரலாற்றுக்குப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் ஊரும்

‘சுருள்’ என்னும் வினையடியாகப் பிறந்தது சுருட்டு என்னும் பெயர். செய்யும் முறையே பொருளுக்குப் பெயராகியது. மலையாளத்தில் ‘சுருட்டு’, தெலுங்கில் ‘சுட்ட’, சிங்களத்தில் ‘சுருட்டு’ என்று அண்டை மொழிகளிலும் இச்சொல்லும் இதன் இனச்சொற்களும் வழங்குகின்றன. போர்த்துக்கேய மொழியில் ‘ஷருத்து’ என்றும் ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்றும் அது நிலைபெற்றது. யூல், பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி ஆங்கிலச் சொல்லின் மூலம் தமிழே எனத் தெளிவாகக் குறிப்பிடுகிறது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர். காவிரிப் படுகையின் வழக்குகளை நேரில் அறிந்தவர்.

தாமஸ் பௌரி என்னும் ஆங்கில வணிகர் 1669க்கும் 1679க்கும் இடையில் வங்காள விரிகுடாவைச் சூழ்ந்த நாடுகளைப் பற்றி எழுதிய குறிப்புகள் 1905இல் அச்சேறின. ஏழை மக்கள் புகையிலையைச் சுருட்டி, ஒரு முனையைக் கொளுத்தி, மறுமுனையை உதடுகளில் பற்றிப் புகைத்ததை அவர் பதிவு செய்கிறார். அதற்குப் போர்த்துக்கேயர் வழங்கிய பெயரையும் தருகிறார்; அது சுருட்டு என்பதன் திரிபே. புகையிலை இந்தியாவுக்குப் போர்த்துக்கேயர் வழி வந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள், கருவி எதுவும் வேண்டாத ஒரு புகைக்கும் முறை எளியோரிடம் வேரூன்றியிருந்தது என்பதை இக்குறிப்பு உணர்த்துகிறது. செல்வர் கையில் உக்கா இருந்தது. எளியோர் கையில் வெறும் இலை இருந்தது.

வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இயற்றிய பரமார்த்த குரு கதை இன்னொரு சான்று. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தமிழ்ப் பணியாற்றிய அவரது இக்கதையைப் பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று அறியச் சீடன் ஒருவன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்ப்பது அதன் முதல் நிகழ்ச்சி. அக்கொள்ளி அவன் கையில் இருந்ததற்குக் காரணம், புகையிலைச் சுருட்டைப் பற்றவைக்க அவன் அதை எடுத்து வந்ததே. ஹாப்சன்-ஜாப்சன் தொகுப்பாளர்கள் இவ்விடத்தைச் சொல்லின் மிகப் பழைய ஆட்சிகளுள் ஒன்றாகச் சுட்டினர்.

இங்குக் கருத வேண்டியது ஒன்றுண்டு. நகைச்சுவை முழுவதும் கொள்ளியையும் நீரையும் சார்ந்தது. கதையைச் சுருக்கிச் சொல்லும் ஒருவர் சுருட்டை விட்டுவிட்டாலும் கதைக்குக் குறை நேராது. ஆயினும் அந்தச் சிறு விவரமே சொல் வரலாற்றுக்கு ஆதாரமாகியது. வீரமாமுனிவர் அச்சொல்லுக்கு விளக்கம் தரவில்லை என்பதிலிருந்து, அக்காலப் படிப்போர்க்கு அது பழகிய பொருளாக இருந்தது எனக் கொள்ளலாம். கதைக்கு வேண்டாத விவரம் வரலாற்றுக்கு வேண்டியதாயிற்று.

சொல் தமிழினின்று சென்றது போலவே ஊர்ப்பெயரும் சென்றது. ஆனால் ஊர்ப்பெயர் முழு உண்மையைச் சொல்லவில்லை. திருச்சிராப்பள்ளிச் சுருட்டுக்கு வேண்டிய நல்ல புகையிலை பெரிதும் திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்தது. அங்கு விளைந்த இலை சிப்பங்களாகக் கட்டப்பட்டு உறையூருக்கு வந்தது, இங்கு உருட்டப்பட்டது, இந்நகரின் பெயரால் விற்கப்பட்டது. திண்டுக்கல்லிலும் சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் போன்றவை சுருட்டாலை நடத்தின. பொருள் ஓரிடத்தில் தோன்ற, பெயர் மற்றோரிடத்துக்கு உரியதாவது வணிக வரலாற்றில் புதிதன்று. கிரேக்க வழிநூலான ‘பெரிப்ளூஸ்’ குறிப்பிடும் அர்கரு என்னும் ஊரின் மெல்லிய துணியும் ஊர்ப்பெயராலேயே அறியப்பட்டது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஊர்ப்பெயர் ஒரு சரக்கின் அடையாளமாகும்போது, விளைவித்தவரும் செய்தவரும் அப்பெயருக்குள் மறைந்துபோகின்றனர்.

புகையின் ஈரமும் இருவேறு தீர்வுகளும்

புகையிலை எரியும்போது வெப்பமும் நீராவியும் பிசுபிசுப்பான படிவும் உண்டாகின்றன. எவ்வகைப் புகைக்கருவியும் இம்மூன்றையும் எதிர்கொண்டாக வேண்டும். உக்கா, புகையை நீரின் ஊடே செலுத்தி இதற்கு வழிகண்டது. புகைக்குழாயில் கிண்ணத்திலிருந்து வரும் சூடான புகை, குறுகிய தண்டின் வழியே செல்லும்போது குளிர்ந்து நீர்த்துளிகளாகப் படிகிறது. அந்நீர் தேங்கினால் குழாய் களகளவென ஒலிக்கும். கசப்பு நீர் நாவைத் தொடும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சேன்-குளோத் நகரைச் சார்ந்து பிரையர் மரவேரால் குழாய் செய்யும் தொழில் வளர்ந்தது. அதன்பின் ஈரத்தை அடக்கும் பல அமைப்புகள் தோன்றின. டப்ளினின் பீட்டர்சன் நிறுவனம் ஈரத்தைத் தேக்கிவைக்கும் குழி கொண்ட குழாய்க்கு 1890இல் காப்புரிமை பெற்றது. இலண்டனின் டன்ஹில் நிறுவனம், குழலின் துளையைத் தூய்மையாக வைத்திருக்கக் கழற்றி எடுக்கத்தக்க உட்குழலைப் பயன்படுத்தியது. 1912ஆம் ஆண்டுக் காப்புரிமை எண் அதன் பழைய குழாய்களில் பொறிக்கப்பட்டுள்ளது. 1930களில் அமெரிக்காவின் கேவுடி நிறுவனம் ‘டிரிங்க்லெஸ்’ என்ற பெயரில் விற்ற குழாய்களில், வாய்க்குழலின் முனையிலிருந்து தண்டுக்குள் நீளும் உருண்டைத் தலை கொண்ட உலோகச் செருகி இருந்தது. ஆங்கிலத்தில் ‘ஸ்டிங்கர்’ எனப்படும் இவ்வகைச் செருகி பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. குளிர்ந்த உலோகத்தில் புகை மோதும்போது ஈரம் அதன்மேல் படியும்; வாய்க்கு வருவது வறண்ட புகையாக இருக்கும் என்பது அதன் அடிப்படை.

நடைமுறையில் செருகி இடையூறாகவும் இருந்தது. அது துளையை ஓரளவு அடைத்ததால் புகையை இழுப்பது கடினமாயிற்று. துப்புரவுக் கம்பி உள்ளே நுழையவில்லை. படிவு இறுகியபின் செருகியே நாற்றத்தின் இருப்பிடமாயிற்று. எனவே புகைத்தோர் பலர் அதைப் பிடுங்கி எறிந்தனர். சிலர் வெட்டியும் எடுத்தனர்.

சுருட்டு இதே இடர்ப்பாட்டுக்கு வேறு வகையில் தீர்வு கண்டது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு, செரூட் என்ற சொல் குறிக்கும் வகையைச் சார்ந்தது. இருமுனையும் வெட்டப்பட்டுத் திறந்திருப்பது அதன் இலக்கணம். காம்பும் தடித்த நரம்பும் நீக்கிய இலை, பதம் பார்த்து நனைக்கப்படுகிறது. வெல்லநீர் போன்ற இனிப்புக் கரைசலில் பதப்படுத்துவதும் உண்டு. உள்ளிலையைத் திரட்டி, கட்டிலையால் பிணித்து, மெல்லிய மேலிலையால் போர்த்தி, பசையிட்டு ஒட்டி, அளவாக வெட்டி உலர்த்துகின்றனர். உருட்டும் கையின் அழுத்தமே புகை செல்லும் வழியை அமைக்கிறது. இறுக உருட்டினால் புகை வராது. தளர உருட்டினால் விரைந்து எரிந்து சுடும். புகையிலுள்ள ஈரத்தையும் படிவையும், இன்னும் எரியாத இலையே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் சுருட்டு எரிந்து குறுகக் குறுகக் காரம் மிகுகிறது; அடித்துண்டு எறியப்படுகிறது. குழாயில் உலோகம் செய்த பணியைச் சுருட்டில் அடித்துண்டு செய்தது. முன்னது பொறிக்குள் அடங்கிய தீர்வு. பின்னது உருட்டுபவரின் விரலுக்குள் அடங்கிய தீர்வு. காப்புரிமை ஏடுகளில் முன்னதற்கு இடம் கிடைத்தது. பின்னதற்கு ஏடு எதுவும் இல்லை.

செருகியை வைப்பதா, நீக்குவதா

பழைய புகைக்குழாயைப் புதுப்பிப்போர் இன்று இருதரப்பாக நிற்கின்றனர். பயன்படுத்துவதற்காக வாங்குவோர், செருகி புகையின் ஓட்டத்தைத் தடுக்கிறது. எனவே நீக்கலாம் என்பர். சேகரிப்போர், செருகி இல்லாத குழாய் குறையுற்ற பொருள் என்பர். இவ்விரு கூற்றும் தத்தம் நோக்கில் பொருத்தமுடையனவே. எனினும் வரலாற்று நோக்கில் மூன்று காரணங்களால் செருகியைப் பேணுவது தேவையாகிறது.

முதலாவது, காலக்கணிப்பு. கேவுடிக் குழாய்களின் முற்காலச் செருகித் தலையில் நான்கு துளைகளும் பிற்காலத்தனவற்றில் மூன்று துளைகளும் காணப்படுகின்றன. குழாயின் காலத்தை மதிப்பிட இவ்வேறுபாடு துணைபுரிகிறது. சிறு துளை பெருஞ்சான்றாவதற்குத் தொல்லியலிலும் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கத் தொல்லியலாளர் ஜே. சி. ஹாரிங்டன் 1954இல், உடைந்த களிமண் குழாய்த் தண்டுகளின் துளை விட்டம் 1620 முதல் 1800 வரை படிப்படியாகக் குறைந்துவந்ததைக் காட்டினார். குப்பையென ஒதுக்கப்பட்ட தண்டுத் துண்டுகள் அதன்பின் குடியேற்றங்களின் காலத்தைக் கணிக்கும் கருவியாயின.

இரண்டாவது, பயன்பாட்டின் தடம். செருகியில் இறுகிய படிவு, அக்குழாய் புகைக்கப்பட்டது என்பதற்கான நேர்ச்சான்று. பழங்குழாய்களின் படிவிலிருந்து நிகோட்டினை வேதியியல் பகுப்பாய்வால் கண்டறிய இயலும். பளபளப்பாகத் துலக்கிய செருகி அச்சான்றை இழந்துவிடுகிறது.

மூன்றாவது, இவற்றினும் முதன்மையானது: செருகி ஒரு வாக்குறுதியின் எச்சம். வறண்ட புகை, குளிர்ந்த புகை, தூய புகை என்று அது விற்கப்பட்டது. புகை உடலுக்குத் தீங்கானது என்னும் ஐயம் வாங்குவோர் மனத்தில் இருந்ததையும், அவ்வையத்தைத் தணிக்க ஒரு சிறு உலோகத் துண்டு போதும் என உற்பத்தியாளர் நம்பவைத்ததையும் அது காட்டுகிறது. நாவின் எரிச்சலைக் குறைப்பது வேறு; உடலின் தீங்கைக் குறைப்பது வேறு. டாலும் ஹில்லும் 1950இல் பிரித்தானிய மருத்துவ இதழில் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவினர். 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் அறிக்கை அதனை உறுதிசெய்தது. செருகியை எறிந்துவிட்டால் குழாய் எளிதாக இழுக்கும். ஆனால் அவ்வாக்குறுதியின் வரலாறு குழாயினின்று மறைந்துவிடும்.

கட்டடப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்த தகுதியான கூறுகளை மதிக்க வேண்டும் என்கிறது. மீட்க இயலாத மாற்றத்தைத் தவிர்ப்பது பாதுகாப்பியலின் பொதுநெறி. இவ்விரண்டையும் புகைக்குழாய்க்குப் பொருத்தினால் தெளிவான ஒரு நடைமுறை கிடைக்கிறது. இழுத்து எடுக்கத்தக்க செருகியைக் கழற்றலாம், ஆனால் எறியலாகாது, குழாயுடனேயே பெயரிட்டு வைக்க வேண்டும். திருகுடன் ஒன்றாக வார்க்கப்பட்ட செருகியை வெட்டலாகாது. வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது. சுருங்கக் கூறின், பயன்பாட்டினின்று விலக்குவது ஏற்கத்தக்கது. சான்றினின்று விலக்குவது ஏற்கத்தக்கதன்று.

எஞ்சிய சாம்பல்: புகைத்தவரின் வரலாறு

மேற்கண்ட நெறியுடன் திருச்சிராப்பள்ளிச் சுருட்டை நோக்கும்போது, எஞ்சியுள்ள சான்றுகளில் பெரும்பாலானவை புகைத்தவரைச் சார்ந்தவை என்பது புலனாகிறது. ஆர்தர் கோனன் டாயிலின் ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ (1887) புதினத்தில், தரையில் கிடந்த கருஞ்சாம்பலைக் கொண்டு கொலையாளி திருச்சிராப்பள்ளிச் சுருட்டைப் புகைத்தவன் என ஷெர்லாக் ஹோம்ஸ் கண்டறிகிறார். 1890இல் வெளியான ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ புதினத்திலும் இச்சுருட்டின் கருஞ்சாம்பல் பேசப்படுகிறது. கொலையாளி இலண்டனில் வாடகை வண்டி ஓட்டும் அமெரிக்கன். அத்தகையவன் கையில் இச்சுருட்டு இருப்பதை ஆசிரியர் இயல்பாகக் கருதினார் என்பதே, அக்காலத்தில் அது எய்தியிருந்த பரவலுக்குச் சான்று. ஆயினும் துப்பறிவாளரின் நுண்ணோக்கு சாம்பலிலிருந்து புகைத்தவனை நோக்கியே செல்கிறது. உருட்டியவரை நோக்கித் திரும்புவதில்லை.

வின்ஸ்டன் சர்ச்சில் திருச்சிச் சுருட்டை விரும்பிப் புகைத்தார் என்னும் செய்தி நகரில் இன்றும் பெருமிதத்துடன் சொல்லப்படுகிறது. அவர் இளம் படை அலுவலராக 1896 முதல் பெங்களூரில் தங்கியிருந்தவர். அவரது விருப்பமாகப் பரவலாக அறியப்படுவது கியூபாச் சுருட்டு. இச்செய்தியின் மெய்ம்மையைக் காட்டிலும் அதன் பயன் ஆராயத்தக்கது. ஓர் ஊர் தன் தொழிலின் மதிப்பை, அதனை நுகர்ந்த ஆட்சியாளரின் பெயரால் நிறுவ முயல்கிறது. உறையூரில் உருட்டியவர் ஒருவரின் பெயரேனும் அப்பெருமிதத்தில் இடம்பெறுவதில்லை.

ஆவணங்களின் நிலையும் இதனினும் வேறன்று. லூயிஸ் மூர் தொகுத்த திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடு (1878), எஃப். ஆர். ஹெமிங்வே எழுதிய மாவட்ட விவரச்சுவடி (1907) ஆகியன காலனிய நிருவாகத்தின் தேவைக்காக உருவானவை. விளைச்சல், வரி, வணிகம், சாதி என்னும் தலைப்புகளில் அவை செய்திகளை அடுக்குகின்றன. கைத்திறனை விளக்கவோ தொழிலாளியின் பெயரைத் தரவோ அவ்வகை நூல்கள் அமைக்கப்படவில்லை. 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் தோன்றி, சிகரெட் நாடெங்கும் பரவியது, பீடியும் பெருகியது. சுருட்டு பின்னுக்குத் தள்ளப்பட்டபோது, அத்தொழிலை எழுத்தில் பதிவுசெய்யும் தேவையும் நிருவாகத்துக்குக் குறைந்தது.

மறைந்த விரல்: உருட்டியவரின் வரலாறு

உருட்டியவரை அணுக உதவும் சான்றுகள் மூவகையின. முதல்வகை சட்டமும் அதனால் உண்டான ஏடுகளும். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் (வேலை நிபந்தனைகள்) சட்டம் இதில் முதன்மையானது. மூலப்பொருளைப் பெற்று வீட்டிலிருந்தே பீடியோ சுருட்டோ செய்து தருபவரையும் அது தொழிலாளர் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. தொழிற்கூடங்களில் சிறுவரை அமர்த்துவதைத் தடை செய்தது. பெண்கள் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் மட்டுமே வேலை செய்யலாம் என்றது. தொழிற்கூடத்துக்கு வெளியே இலையை நனைக்கவும் வெட்டவும் அனுமதித்தால் அதற்கெனப் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. உற்பத்தியாளர் தொடுத்த வழக்குகளில் உச்சநீதிமன்றம் 1974இல் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஒரு சட்டம் எவற்றைத் தடுக்கிறதோ அவை நடைமுறையில் இருந்தன என்பது வரலாற்றாய்வின் பொதுவான ஊகம். அவ்வகையில் இச்சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் வீட்டுத் திண்ணையிலும் சிறு கூடங்களிலும் நடந்த உழைப்பின் எதிர்மறைச் சித்திரமாக அமைகிறது. கூலி ஏடுகளும் வேலைப் பதிவேடுகளும் கிடைக்குமாயின் அச்சித்திரத்தில் பெயர்கள் தோன்றும்.

இரண்டாவது வகை கருவிகள். உருட்டும் பலகை, வெட்டுங்கத்தி, நீளம் பார்க்கும் அளவுக்கட்டை, உலர்த்தும் தட்டு, பசைக்கிண்ணம் ஆகியவற்றுக்குப் பழம்பொருட் சந்தையில் விலையில்லை. ஆனால் பலகையின் தேய்மானம் கையின் இயக்கத்தைக் காட்டும். அளவுக்கட்டையின் வெட்டுக்குறிகள் எந்தெந்த அளவில் சுருட்டு விற்றது என்பதைக் காட்டும். பலகையில் ஊறிய கறை புகையிலை நீரில் ஊறிய விரல்களை நினைவூட்டும். ஈர இலையைக் கையாளும்போது நிகோட்டின் தோல்வழியே உடலுக்குள் செல்லும் என்பது மருத்துவம் உணர்த்தும் உண்மை. தேய்ந்த பலகை அவ்வகையில் ஓர் உடல்நல ஆவணமும் ஆகும். வீடுகள் இடித்துக் கட்டப்படும்போது இவை விறகாகவும் பழைய இரும்பாகவும் போய்விடுகின்றன.

மூன்றாவது வகை தாளும் சொல்லும். பெட்டியின் மேல் ஒட்டிய வண்ணச் சீட்டுகள், எந்தச் சந்தையை நோக்கிச் சுருட்டு செய்யப்பட்டது என்பதை மொழியாலும் படத்தாலும் அறிவிக்கின்றன. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து எச்சரிக்கைப் படங்கள் கட்டாயமாயின; 2016 ஏப்ரல் முதல் அவை உறையின் 85 விழுக்காட்டுப் பரப்பை நிரப்புகின்றன. பழைய சீட்டையும் புதிய உறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே பொருளைச் சமூகம் மதித்த முறை தலைகீழாக மாறியமை கண்கூடாகும். தொழிலாளர் பேச்சில் மட்டும் வாழும் பதம், அளவு, இலைத்தரம் பற்றிய சொற்கள் இன்னும் விரைவாக அழியக்கூடியவை. ஓர் உருட்டுபவர் மறையும்போது அவருடன் ஒரு சொற்றொகுதியும் மறைகிறது.

பேணுதலும் பயன்பாடும்

இங்கு ஓர் எதிர்வாதம் எழக்கூடும். புகையிலை உயிர்க்கொல்லி, இந்தியா 2004இல் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை உறுதிசெய்த நாடு, 2008 அக்டோபர் 2 முதல் பொதுவிடங்களில் புகைத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. இந்நிலையில் சுருட்டின் வரலாற்றைப் பேணுவது அதனைப் போற்றுவதாகாதா என்று வினவலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. மரபுத்தொழில் என்னும் பெயரால் தீங்கான நுகர்பொருளுக்கு மதிப்பேற்றும் எழுத்துகள் உள்ளன. சர்ச்சில் கதையும் அவ்வாறு பயன்படுவதே.

செருகியைக் குறித்த நெறி இங்கு உதவுகிறது. குழாயினின்று கழற்றப்பட்டு, பெயரிடப்பட்டு, குழாயுடன் வைக்கப்பட்ட செருகி எவரையும் புகைக்கத் தூண்டுவதில்லை. புகைத்த காலத்தின் நம்பிக்கைகளையும் ஏமாற்றங்களையும் விளக்குகிறது. சுருட்டுக் கருவிகளும் சீட்டுகளும் கூலி ஏடுகளும் அவ்வாறே. அவற்றைப் பேணுவதால் சுருட்டு விற்பனை பெருகப்போவதில்லை. அவற்றை அழியவிட்டால் எஞ்சுவது புகைத்தவரின் பெருமைக் கதை மட்டுமே. உருட்டியவரின் கூலியும் இருமலும் வரலாற்றில் இல்லாமற்போகும். தீங்கான தொழிலின் சான்றுகளை அழிப்பது, அத்தீங்கைச் சுமந்தவரின் சான்றையே முதலில் அழிக்கிறது.

நடைமுறையில் செய்யத்தக்கவை எளியவை. இராணி மங்கம்மாள் மண்டபத்தில் இயங்கும் திருச்சிராப்பள்ளி அரசு அருங்காட்சியகம் போன்ற நிறுவனம் ஒன்று ஒரு தொழிற்கூடத்தின் முழுக் கருவித்தொகுதியைப் பெற்றுப் பேணலாம். அழகிய பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பலகையை விட்டுவிடலாகாது. கறையும் தேய்மானமும் துலக்கப்படாமல் காக்கப்பட வேண்டும். எஞ்சியுள்ள தொழிலாளரின் வாய்மொழி, அவர் தம் உடல்நல வரலாற்றுடன் சேர்த்துப் பதிவுசெய்யப்பட வேண்டும். வேடசந்தூரில் 1948 முதல் இயங்கிவந்த புகையிலை ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளை உறையூர்ச் சான்றுகளுடன் இணைத்துப் படித்தால், இலை விளைந்த ஊரும் உருட்டிய ஊரும் ஒரே வரலாற்றில் இடம்பெறும்.

முடிவுரை

1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் நிகழ்த்திய அகழாய்வு, பானை ஓடுகளுடன் சாயத்தொட்டி ஒன்றையும் வெளிக்கொணர்ந்தது. பெரிப்ளூஸ் துணியின் பெயரை மட்டுமே சொன்னது. துணித்தொழில் சார்ந்த உழைப்பின் தடத்தை அத்தொட்டி காட்டியது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் எவரும் பேண எண்ணாத ஒரு தொட்டி, மண்ணுக்குள் இருந்ததால் தப்பியது. சுருட்டு உருட்டிய பலகைக்கு அந்நற்பேறு வாய்க்காது. மரம் மக்கும், தாள் கிழியும், சொல் மறக்கப்படும்.

புகைக்குழாயின் செருகி, பயனற்றதெனக் கருதப்பட்ட உறுப்பே அப்பொருளின் காலத்தையும் பயன்பாட்டையும் வாக்குறுதியையும் தாங்கியிருந்தது என்பதை உணர்த்தியது. பரமார்த்த குரு கதையில் சுருட்டு, கதைக்கு வேண்டாத விவரமாக இருந்தே சொல்லின் வரலாற்றைக் காத்தது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் வரலாற்றில் அத்தகைய உறுப்புகள் தேய்ந்த பலகையும் கிழிந்த கூலி ஏடும் உருட்டியவரின் பேச்சும் ஆகும். உலகம் புகைத்த சுருட்டின் சாம்பல் ஆங்கிலப் புதினத்தில் நிலைபெற்றுவிட்டது. அதை உருட்டிய விரல்களின் வரலாறு, தில்லை நகருக்கும் உறையூருக்கும் இடைப்பட்ட தெருக்களில் இன்னும் சில காலமே சேகரிக்கத்தக்கதாக இருக்கும்.